நன்னீர் உயிர்ப்பல்வகைமையும் சர்வதேசச் சமவாயங்களும் – இலங்கையின் சிற்றோடைகளை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

இயற்கைப் பாதுகாப்புப் பற்றிச் சிந்திப்போர் பெரும்பாலும் நிலம், கடல் என்னும் இரு பிரிவுகளுக்குள்ளேயே தம் சிந்தனையை அமைத்துக்கொள்கின்றனர். காட்டு விலங்குகளைக் காத்தற்கெனத் தேசிய வனங்களும், கடல்வாழ் உயிர்களைக் காத்தற்கெனக் கடற் பூங்காக்களும் எழுந்துள்ளன. இவ்விரண்டிற்கும் இடையே ஓடும் ஆறும் அருவியும், தேங்கும் குளமும் சதுப்பும், குடிப்பதற்கும் வயலுக்குப் பாய்ச்சுவதற்கும் மின்சாரம் பிறப்பிப்பதற்கும் உரிய நீர்வளம் என்றே கணிக்கப்பட்டுவந்தன. எண்ணற்ற உயிர்களின் வாழிடம் என்று அவை கருதப்பட்டமை அரிது. இக்கண்ணோட்டத்தின் விளைவு யாது, அதனைத் திருத்துதற்குச் சர்வதேசச் சமவாயங்கள் எவ்வளவுக்கு உதவியுள்ளன, அவை சென்றடையாத இடம் எது என்னும் மூன்று வினாக்களும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. சமவாயங்கள் உலகம் முழுவதற்கும் பொதுவாகப் பேசுவன; உயிரினமோ ஒரு குறிப்பிட்ட ஓடையில் வாழ்வது. ஆதலின், பொதுவானவற்றைக் கூறியபின் இலங்கையின் ஈரவலயச் சிற்றோடைகளை உரைகல்லாகக் கொண்டு அச்சமவாயங்களை மதிப்பிட முயல்வோம்.

நன்னீரின் தனித்தன்மை

ஆறுகள், ஏரிகள், சதுப்புகள் யாவற்றையும் ஒருங்கு சேர்த்தாலும் அவை புவி மேற்பரப்பின் நூற்றிலொரு பங்கிற்கும் குறைந்த இடத்தையே அடக்குகின்றன. ஆயினும், விஞ்ஞானிகள் இதுவரை அறிந்துள்ள விலங்கினங்களுட் பத்திலொரு பங்கு இச்சிறு பரப்பிலேயே வாழ்கின்றது. உலகின் மீனினங்களுள் ஏறத்தாழ அரைவாசி நன்னீருக்கு உரியவை. கடலின் பரப்பையும் ஆழத்தையும் எண்ணிப் பார்க்கும் ஒருவருக்கு இது வியப்பளிக்கக்கூடும்.

இவ்வியப்புக்கு விடை, நன்னீரின் துண்டுபட்ட அமைப்பிலே உள்ளது. கடல் தொடர்ச்சியானது, ஒரு கரையிற் பிறந்த மீன் மறுகரையை அடைதல் இயலும். ஓர் ஆற்று வடிநிலத்தின் மேற்பகுதியில் வாழும் மீனுக்கோ அடுத்த வடிநிலத்திற்குச் செல்ல வழியில்லை. இடையில் நிற்கும் மலைமுகடு அதற்குப் பெருங்கடலை ஒத்த தடையாகின்றது. ஒவ்வோர் ஓடைத்தொகுதியும் நிலத்தாற் சூழப்பட்ட ஒரு தீவெனலாம். தனிமைப்பட்ட இடத்திலே தலைமுறை தலைமுறையாக வாழும் உயிர்கள் நெடுங்கால ஓட்டத்தில் வேறினங்களாகப் பிரிகின்றன. பல்வகைமையை ஆக்கிய இத்தனிமையே அழிவுக்கும் வாயிலாக அமைகின்றது. ஓர் ஓடையில் மட்டும் வாழும் இனத்துக்கு அவ்வோடையின் அழிவே முற்றழிவாகும். தப்பிச் செல்வதற்கு வேறிடமில்லை.

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. நீர் தாழ்ந்த இடத்தை நாடுவது. மலைச்சரிவில் வெட்டப்பட்ட மரத்தின் அடிமண், தோட்டத்துக்கு இட்ட பசளை, வயலுக்குத் தெளித்த பீடைகொல்லி, நகரின் கழிவு ஆகிய யாவும் ஈற்றில் ஓடையையே சேர்கின்றன. எனவே, நன்னீர் உயிரினத்தின் பாதுகாப்பு அது வாழும் நீரோடு மட்டும் முடிவதன்று. அந்நீர் வடிந்துவரும் நிலம் முழுவதையும் அளாவியது.

இதன் விளைவைச் சில கணிப்புகள் காட்டுகின்றன. உலக இயற்கை நிதியம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கண்காணிக்கப்பட்ட நன்னீர் முள்ளந்தண்டு விலங்குக் குடித்தொகைகள் 1970 முதல் 2020 வரையான ஐம்பது ஆண்டுகளிற் சராசரியாக 85 சதவீதம் வீழ்ச்சியுற்றுள்ளன. நிலவாழ்வனவற்றினதும் கடல்வாழ்வனவற்றினதும் வீழ்ச்சியிலும் இது மிக்கதாகும். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நன்னீர் மீன்கள், நண்டு இறால் வகைகள், தும்பிகள் ஆகியவற்றுள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு இனங்கள் அழிவை எதிர்நோக்குகின்றன எனக் கண்டது.

றாம்சார் சமவாயம்

நன்னீருக்குரிய உலகளாவிய சமவாயங்களுட் காலத்தால் முற்பட்டது 1971 பெப்புருவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டு றாம்சார் நகரிற் கையொப்பமிடப்பட்டு, 1975இல் நடைமுறைக்கு வந்த ஈரநிலச் சமவாயமாகும். ஈரநிலம் என்னும் சொல்லுக்கு அது தரும் வரைவிலக்கணம் மிக விரிந்தது. இயற்கையானதோ செயற்கையானதோ, நிலையானதோ தற்காலிகமானதோ, தேங்குவதோ ஓடுவதோ, நன்னீரோ உவர்நீரோ என்ற பேதமின்றி யாவற்றையும் அது உள்ளடக்குகின்றது. இவ்வரைவிலக்கணத்தின்படி நம் முன்னோர் கட்டிய குளமும் ஈரநிலமே, மலையோடையும் ஈரநிலமே.

எனினும், சமவாயத்தின் முழுப்பெயர் அதன் பிறப்பு நோக்கத்தை வெளிப்படுத்துகின்றது. சர்வதேச முக்கியத்துவமுடைய ஈரநிலங்கள், சிறப்பாக நீர்ப்பறவைகளின் வாழிடங்கள் பற்றியது என்பதே அப்பெயர். கண்டம்விட்டுக் கண்டம் பறக்கும் பறவைகளைக் காக்க முனைந்தோரே அதனை உருவாக்கினர். ஓர் ஈரநிலம் 20,000 நீர்ப்பறவைகளுக்கு ஒழுங்காக இடமளிப்பின், அல்லது ஒரு பறவையினத்தின் குடித்தொகையில் ஒரு சதவீதத்தைத் தாங்கின், அது பட்டியலிற் சேர்வதற்குத் தகுதி பெற்றது. பறவையை எண்ணுதல் எளிது. கலங்கிய நீரினடியில் வாழும் மீனை எண்ணுதல் அரிது. மீன்களை அடிப்படையாகக் கொண்ட அளவைகள் 1996இல் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரிற் கூடிய மாநாட்டிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டன. சமவாயம் பிறந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே மீன் தன் பெயராற் பேசப்படலாயிற்று.

இலங்கை 1990இல் இச்சமவாயத்தில் இணைந்தது. பூந்தல (1990), ஆனைவிழுந்தான் (2001), மாதுகங்கை (2003), வங்காலை (2010), குமண (2010), வில்பத்து (2013) என ஆறு இடங்கள் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. 2018இற் கொழும்பு மாநகர் ஈரநில நகரமாகவும் அங்கீகாரம் பெற்றது. இவ்வாறு இடங்களும் போற்றத்தக்கவை என்பதில் ஐயமில்லை. மன்னார்க் கரையிலுள்ள வங்காலைக்கு ஆண்டுதோறும் வந்துசேரும் பறவைக் கூட்டங்களைக் கண்டோர் அதனை நன்கறிவர். ஆனால், இப்பட்டியலைத் தேசப்படத்தில் வைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். ஆறும் தாழ்நிலத்தில், கடற்கரையை அடுத்து அமைந்தவை. பெரும்பாலானவை உலர்வலயத்துக்கு உரியவை. ஈரவலயத்தைச் சேர்ந்த மாதுகங்கையும் கழிமுகம் சார்ந்ததே. மலைநாட்டு ஓடை ஒன்றேனும் அப்பட்டியலில் இல்லை.

வர்த்தகச் சமவாயமும் அதன் எல்லையும்

அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய சமவாயம் 1973இல் வொஷிங்டனிற் கையொப்பமாயிற்று. இலங்கை இதில் 1979இல் இணைந்தது. இனங்களை அட்டவணைப்படுத்தி, அவை எல்லை கடந்து விற்கப்படுவதைத் தடுப்பதோ கட்டுப்படுத்துவதோ இதன் வழி. மேக்கொங் நதியின் இராட்சதக் கெளிறு இதன் முதலாம் அட்டவணையில் இடம்பெற்றது. கவியார் என்னும் விலையுயர்ந்த மீன்முட்டைக்காக வேட்டையாடப்பட்ட இஸ்டர்ஜன் வகைகள் அனைத்தும் 1998 முதல் இதன் கட்டுப்பாட்டுக்குள் வந்தன.

விற்பனையால் அழியும் இனத்துக்கு இச்சமவாயம் கைகொடுக்கின்றது. வாழிடம் சிதைவதால் அழியும் இனத்துக்கு அதனால் யாதும் செய்தல் இயலாது. யாங்சி நதியில் வாழ்ந்த சீனத் துடுப்புமூக்கு மீனின் கதை இதற்குத் தக்க சான்றாகும். அதுவும் 1998இல் இரண்டாம் அட்டவணையிற் சேர்க்கப்பட்ட இனமே. ஆனால், 1981இல் யாங்சிக்குக் குறுக்கே எழுந்த கெசோபா அணை, அது முட்டையிடச் செல்லும் வழியை அதற்கு முன்னரே அடைத்துவிட்டது. 2003இற் கடைசி முறையாக உயிருடன் காணப்பட்ட அம்மீன் 2022இல் முற்றாக அழிந்துவிட்டதென அறிவிக்கப்பட்டது. 2021இல் யாங்சியிற் பத்தாண்டு மீன்பிடித் தடை நடைமுறைக்கு வந்தபோது, காக்கப்படுவதற்கு அம்மீன் அங்கு இருக்கவில்லை. நோய் ஒன்றிருக்க மருந்து வேறொன்றாக அமையின் பயனில்லை என்பதையே இது உணர்த்துகின்றது.

உயிர்ப்பல்வகைமைச் சமவாயம்

1992இல் றியோ டி ஜெனீரோ மாநாட்டிற் கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட உயிர்ப்பல்வகைமைச் சமவாயம், தனித்தனி இனங்களையும் இடங்களையும் கடந்து, உயிர்த்தொகுதி முழுவதையும் கருத்திற்கொண்டது. இலங்கை 1994இல் இதனை ஏற்புறுதி செய்தது. இதன் உறுப்பு நாடுகள் 2022 டிசெம்பரில் மொன்றியலிற் கூடி, குன்மிங்-மொன்றியல் சட்டகம் என வழங்கும் 23 இலக்குகளை ஏற்றுக்கொண்டன. 2030ஆம் ஆண்டளவில் நிலமும் உள்நாட்டு நீரும் அடங்கிய பரப்பில் 30 சதவீதத்தையும், கடலும் கரையோரமும் அடங்கிய பரப்பில் 30 சதவீதத்தையும் பாதுகாத்தல் வேண்டும் என்பது மூன்றாம் இலக்கு. பசளைகளிலிருந்து கழிந்து செல்லும் மிகைப் போசணைப் பொருள்களையும் பீடைகொல்லிகளால் நேரும் ஆபத்தையும் அரைவாசியாகவேனும் குறைத்தல் ஏழாம் இலக்கு.

உள்நாட்டு நீர் எனப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டமை ஒரு முன்னேற்றமே. ஆயினும், அவ்விலக்கின் சொல்லமைப்பைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். நிலமும் உள்நாட்டு நீரும் அங்கே ஒரே கணக்கில் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே, ஒரு நாடு காடுகளை மட்டும் அடைத்துக் காட்டி, ஓர் ஆற்றையேனும் காக்காது, 30 சதவீதத்தை எட்டிவிடுதல் கூடும். 2010இல் நகோயாவில் வகுக்கப்பட்ட இலக்கிலும் இதே சேர்க்கை இருந்தது. அங்கு அளவு மட்டும் 17 சதவீதம். மேலும், காட்டின் பரப்பைச் சதுரக் கிலோமீற்றரில் அளத்தல் பொருந்தும். ஓடையின் உயிர் அதன் பரப்பிலன்றி, நீளத்திலும் பாய்ச்சலிலும் இடையறாத் தொடர்ச்சியிலும் தங்கியுள்ளது. 2023 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் நீர் மாநாட்டிலே ஆறு நாடுகள் தொடங்கிய நன்னீர் முயற்சி, 300,000 கிலோமீற்றர் நீள ஆறுகளை 2030க்குள் மீட்டல் வேண்டும் என நீளத்தால் இலக்கு வகுத்தமை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது.

றைன் நதி தரும் பாடம்

சர்வதேச ஒத்துழைப்பு நன்னீரைக் காத்த வரலாறு இல்லாமலில்லை. ஐரோப்பாவின் றைன் நதிக்கெனக் கரையோர நாடுகள் 1950இலேயே ஓர் ஆணைக்குழுவை அமைத்திருந்தன. அக்காலத்தை அண்டி அந்நதியிற் சால்மன் மீன் அற்றுப்போயிற்று. ஆணைக்குழு நெடுங்காலம் பேசியது. நதியோ தொடர்ந்து மாசுற்றது. 1986 நவம்பர் 1ஆம் நாள் சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரருகே இரசாயனப் பொருட் களஞ்சியம் ஒன்று தீப்பற்றியது. தீயணைத்த நீரோடு நஞ்சு நதியிற் கலக்க, பெருந்தொகையான விலாங்கு மீன்கள் மடிந்தன. அடுத்த ஆண்டே அமைச்சர்கள் கூடி, 2000ஆம் ஆண்டளவிற் சால்மன் மீன் றைனுக்குத் திரும்புதல் வேண்டும் என்னும் குறிக்கோளை ஏற்றனர்.

இங்குக் கவனிக்கவேண்டியது குறிக்கோளின் வடிவமாகும். இத்தனை சதவீத நிலம் என்றோ, இத்தனை அறிக்கைகள் என்றோ அது கூறவில்லை; ஒரு மீன் திரும்பி வருதல் வேண்டும் என்றது. அதனை அடைவதற்குக் கழிவு குறைதல் வேண்டும், அணைகளில் மீன் ஏறும் வழிகள் அமைதல் வேண்டும், கிளையாறுகளின் முட்டையிடும் சரளைப்படுக்கைகள் மீளல் வேண்டும். 1990 அளவில் முதற் சால்மன்கள் கிளையாற்றிற் காணப்பட்டன. இஃபெட்ஸ்ஹைம் அணையில் 2000இலும் கம்ப்ஸ்ஹைம் அணையில் 2006இலும் மீன் வழிகள் திறக்கப்பட்டன. மீன் தானே பெருகித் தன்னைத் தாங்கும் நிலை முழுமையாக ஏற்படவில்லை எனினும், இறந்த நதி எனப்பட்டது உயிர்பெற்றது.

இலங்கையின் ஓடைகள்

நமது நாட்டின் நிலை றைனிலிருந்து வேறுபட்டது. இலங்கையின் 103 ஆறுகளும் இத்தீவிலேயே தோன்றி, இத்தீவின் கரையிலேயே கடலைச் சேர்கின்றன. அயல் நாட்டோடு பங்கிடும் ஆறு எதுவுமில்லை. எனவே, நமது ஓடையின் கேட்டுக்குப் பிறரைக் குறைகூறல் இயலாது. அதனைக் காக்கும் கடப்பாடும் பிறிதொருவரைச் சார்ந்ததன்று.

உலர்வலயத்தின் குளங்களிலும் ஆறுகளிலும் வாழும் விரால், கெண்டை முதலிய மீன்கள் பெரும்பாலும் தென்னிந்தியாவுக்கும் பொதுவானவை. பனிக்கட்டிக் காலங்களிற் கடல் வற்றியபோது இரு நிலங்களும் ஒன்றாயிருந்தமை இதற்குக் காரணமாகும். ஆனால், தென்மேற்கு ஈரவலயத்தின் உயிர்கள் அவ்வுறவிலே பெரிதும் கலவாது தனித்து வளர்ந்தன என்பதை 2004இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று நிறுவியது. களனி, களு, ஜின், நில்வளா ஆகிய கங்கைகளின் கிளையோடைகளே இத்தீவுக்கு மட்டும் உரிய மீன்களின் தாயகம். நன்னீர் நண்டுகளில் அறியப்பட்ட ஏறத்தாழ ஐம்பது இனங்களுள் ஒன்றிரண்டு நீங்கலாக யாவும் இலங்கைக்கே உரியவை.

இவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1991இல் மொறிஸ் கொட்டெலாற், றொஹான் பெத்தியாகொட ஆகிய இருவரும் பந்துல பெத்தியா என்னும் சிறு மீனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தினர். அறியப்பட்ட காலத்தில் அது கேகாலை மாவட்டத்தின் கலப்பிட்டமடையை அண்டிய ஒரேயொரு சிற்றோடையில் மட்டுமே வாழ்ந்தது. அவ்வோடை வனத்துள் ஓடுவதன்று. வயல்களையும் இறப்பர்க் காணிகளையும் ஊடறுத்துச் செல்வது. அதன் கரை பலருக்கு உரிய காணி. அதன் நீர் பலருக்கு வேண்டிய நீர்.

மேற்கூறிய சமவாயங்களை இம்மீனின் பக்கம் நின்று நோக்குவோம். அது பறவையன்று, ஆதலிற் றாம்சாரின் பழைய அளவைகள் அதனைக் காணா. அதன் ஆபத்து விற்பனையால் மட்டும் வருவதன்று. வயலிலிருந்து வடியும் நஞ்சும் கரையைச் சீர்படுத்தும் வேலைகளும் அதனை வருத்துவன. எனவே, வர்த்தகச் சமவாயம் போதாது. அது வாழும் இடம் காப்பரணுக்கு வெளியே உள்ளது. ஆதலின், 30 சதவீதக் கணக்கு நிறைவேறிய பின்னரும் அது அழிந்துபோகக்கூடும். மூன்று வலைகளின் கண்களூடாகவும் நழுவிவிடும் அளவுக்கு அது சிறியது. அதனைக் காத்தற்குப் பின்னர் எடுக்கப்பட்ட முயற்சிகள், கிராமத்தவரைச் சேர்த்துக்கொண்டும், வேறு பொருத்தமான ஓடையில் மீனை விட்டுப் பெருக்க முயன்றுமே அமைந்தன. வேலியிட்டு மனிதரை விலக்கும் முறை அங்குப் பொருந்தவில்லை.

ஒரு சமவாயம் மற்றொன்றோடு முரண்படல்

சமவாயங்கள் சென்றடையாமை ஒரு குறை. ஒன்றன் நன்மை மற்றொன்றன் தீமையாதல் அதனினும் பெருங்குறை. ஈரவலய ஓடைகளிற் பல சிறு நீர்மின் நிலையங்கள் எழுந்துள்ளன. ஓடையை மறித்து, நீரைக் கால்வாய் வழியும் குழாய் வழியும் கீழ்நோக்கிச் செலுத்தி, சுழலியைச் சுற்றியபின் மீண்டும் ஓடையில் விடுதல் அவற்றின் முறை. பெரிய நீர்த்தேக்கம் தோன்றாமையால் இதனைத் தீங்கற்றதெனப் பலர் கருதினர். ஆனால், நீர் எடுக்கும் இடத்துக்கும் விடும் இடத்துக்கும் இடைப்பட்ட ஓடைப்பகுதி வறண்ட காலத்தில் வெறும் பாறையாகின்றது. பாய்நீரில் மட்டும் வாழும் மீனுக்கு அப்பகுதியே உலகம்.

1997ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கை, காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தைக் குறைக்கும் திட்டங்களுக்குத் தூய அபிவிருத்திப் பொறிமுறை வழியாக ஊக்கமளித்தது. இலங்கையின் சிறு நீர்மின் திட்டங்கள் சிலவும் அதன்கீழ்ப் பதிவு பெற்றன. வளிமண்டலத்தைக் காக்க உலகம் அளித்த ஊக்கம், உயிர்ப்பல்வகைமையைக் காக்க அதே உலகம் அளித்த வாக்குறுதியை ஓடையின் ஒரு பகுதியில் முறித்தது. மின்சாரமும் வேண்டுவதே; நிலக்கரிப் புகை நன்று என எவரும் வாதிடார். ஓடையில் எப்பொழுதும் எஞ்சவேண்டிய சூழலியற் பாய்ச்சல் எவ்வளவு என்பதை அனுமதி வழங்குமுன் அளந்து வரையறுத்து, பின்னரும் கண்காணிப்பின், இம்முரண்பாட்டின் கூர்மை பெரிதும் குறையும். அவ்வளவையைக் கீழே வாழும் மீனின் தேவையிலிருந்து பெறல் வேண்டும். சுழலியின் தேவை போக எஞ்சியதைப் பாய்ச்சல் எனப் பெயரிடல் பொருந்தாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சர்வதேசச் சமவாயம் தான் பெயரிட்டதையே காக்கின்றது என்பது பெறப்படும். பறவை எனப் பெயரிட்டபோது களப்புகள் காக்கப்பட்டன. வர்த்தகம் எனப் பெயரிட்டபோது சந்தை கட்டுப்பட்டது. சால்மன் எனப் பெயரிட்டபோது ஒரு நதி மீண்டது. நிலத்தோடு சேர்த்து ஒரே கணக்கில் வைக்கப்பட்ட நீர் இன்னும் தன் பெயரை முழுமையாகப் பெறவில்லை.

ஆயினும், புதிய சமவாயம் ஒன்று வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. றாம்சார்ப் பட்டியலுக்குரிய இடத்தைத் தெரிவு செய்யும் உரிமையும் கடமையும் அந்தந்த நாட்டுக்கே உரியவை. 1996 முதல் மீன்களுக்கான அளவைகளும் நடைமுறையில் உள்ளன. இத்தீவுக்கே உரிய மீன்கள் செறிந்து வாழும் ஈரவலய ஓடைத்தொகுதி ஒன்றை ஏழாவது இடமாக முன்மொழிதற்குப் பிற நாட்டின் இசைவு வேண்டியதில்லை. ஈரநிலங்களை மக்கள் விவேகமாகப் பயன்படுத்தலாம் என்பதை அச்சமவாயம் ஏற்பதால், கரையிலுள்ள உழவர் தம் நிலத்தை இழக்க வேண்டியதுமில்லை. மூன்றாம் இலக்குக்கான தேசியக் கணக்கில் உள்நாட்டு நீரை நிலத்தினின்று பிரித்து, ஓடைகளின் நீளத்தாற் காட்டுதலும் நம் கையிலேயே உள்ளது.

கலப்பிட்டமடைச் சிற்றோடையின் மீன் எந்த மாநாட்டு மண்டபத்தையும் அறியாது. அதன் வாழ்வு, மேற்புறத்து வயலில் இன்று தெளிக்கப்படும் மருந்தின் அளவையும், கரையில் விடப்படும் நிழல் மரத்தையும் பொறுத்தது. உலக மாநாட்டில் இடப்படும் கையொப்பம் அவ்வயலின் வரப்பு வரை வந்து சேரும்போதே அதற்குப் பொருளுண்டு. அவ்வழியைச் செப்பனிடுதல், கொள்கை வகுப்போரோடு நம்போன்ற ஆய்வு மாணவருக்கும் உரிய பணியாகும்.